அரிசியும் இறப்பரும்

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களில் வேளாண்மை விளைவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, இத்தீவு அரிசி தேடிப் பிறநாட்டு வாயிலுக்குச் சென்றதென்றால் வியப்பாகவே இருக்கும். எனினும் 1952இல் நிலைமை அதுவே. கொரியப் போர்க்காலம்; அரிசி கிடைத்தற்கு அரிதாயிற்று; இறப்பரின் விலையோ வீழ்ந்தது. சீனாவுக்கு இறப்பர் தேவை. ஆயினும் அந்நாட்டுக்கு விற்கத் துணிவார் அரியர். ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவதென அவ்வாண்டு டிசெம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஆயிற்று. அமெரிக்கா முகஞ்சுளித்தது. இறப்பருக்குச் சந்தை விலையினும் மிகுந்த விலை கிடைத்தது. கூப்பன் அரிசி உண்டு வளர்ந்த மூத்த பழைய மாணவர் இதனை நன்கறிவர்.

இரு நாடுகளுக்கும் இராசதந்திர உறவு ஏற்பட்டதோ 1957இலேதான். தூதுவர் வருமுன்னரே அரிசி மூடை வந்துவிட்டது!

ஒப்பந்தம் என்னும் சொல்லினுள் ஒப்பு இருத்தலை மாணாக்கர் நோக்குக. பெருநாட்டின் முன் இச்சிறு தீவு அன்று ஒப்ப நின்றமைக்குக் கையிலிருந்த இறப்பரே காரணம். அவ்வொப்பந்தம் பன்முறை புதுப்பிக்கப்பெற்று 1982 வரை நடந்தது. அந்நாட்டு நிறுவனமொன்றுக்கு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 2017இல், நாம் கடனாளியாகவே அமர்ந்திருந்தோம்.