குடும்பக் கலக்கத்தில் கிறிஸ்தவ ஆலோசனை நாடுவோர்க்கு

தம்பதிகளுக்குள் மனஸ்தாபம் முற்றி, ஜெபத்திலும் மனம் நிலைகொள்ளாமல் தவிக்கும் வேளையில், யாரிடம் சென்று முறையிடுவதென்று தயங்கும் விசுவாசிகள் கீழ்க்கண்டவற்றை அனுசரிப்பது நலம்.

1. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் அவசரத்தில் விஷயத்தைத் தொடங்காமல், வாரநாளொன்றில் தனியே நேரம் ஒதுக்கும்படி ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். கூட்டத்தின் நடுவே எவராலும் மனம் திறக்க இயலாது.

2. சச்சரவு எழுவது சம்பளக் கணக்கினாலா, மாமியார் வீட்டினாலா, குடியினாலா என்பதை முன்னதாகவே ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள்; கோபத்தில் பழைய குறைகளெல்லாம் கிளம்பி மூலகாரணத்தை மறைத்துவிடும்.

3. இரகசியம் காக்கப்படுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குரு எக்காரணத்தாலும் வெளியிடலாகாது எனினும், சாதாரண உரையாடலை அந்த விதி கட்டுப்படுத்தாது.

4. பெண்கள், ஆயரம்மாவையோ அனுபவமுள்ள கன்னியர் ஒருவரையோ நாடுங்கள். தாம்பத்திய விஷயங்களைச் சொல்லக் கூச்சம் இராது.

5. நித்திரையின்மையோ தற்கொலை எண்ணமோ வாட்டினால் மனநல வைத்தியரைப் பாருங்கள், அல்லது 14416 என்னும் இலவச டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; ஜெபமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

6. அடி உதை நேர்ந்தால் பெண்கள் உடனே 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். பொறுத்துப் போகும்படி செய்யும் உபதேசம் உயிரைக் காவாது.

மருந்தை நிறுத்தச் சொல்பவரும், காணிக்கையை நிபந்தனையாக்குபவரும் ஆலோசகர் அல்லர். அவர்களை விட்டு விலகுங்கள்.