சாலை விபத்தும் உலகோர் வகுத்த இலக்கும்

புதுச்சேரியினின்று வடதிசை செல்வோர் முத்தியாலுப்பேட்டையைக் கடந்தவுடன் அடைவது கோட்டக்குப்பம். சென்னைக்குரிய கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வூரின் ஊடே போகின்றது. கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் கல்விச்சாலைக்கும் நடப்போர் கால்வைக்கும் வழியிலேயே நெடுந்தூரப் பிரயாண வண்டிகளும் விரைகின்றன. சாலை விபத்தைக் குறைக்க உலகத்தார் வகுத்த இலக்குகளை இத்தகைய ஓர் ஊரை மனத்திற்கொண்டு ஆராயப் புகுகின்றோம்.

2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளைச் சாலைப் பாதுகாப்புக்குரிய செயற்காலமெனப் பிரகடனம் செய்தது. மரணத்தொகையை ஏறாமல் நிறுத்திப் பின்னர்க் குறைப்பதே அதன் கருத்து. 2015இல் எழுந்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளோ, 2020க்குள் அத்தொகை பாதியாக வேண்டுமென்றன. நடந்தது யாது? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மாண்டோர் ஏறத்தாழ 11,90,000 பேர். 2010ஐ நோக்க நூற்றுக்கு ஐந்தளவே குறைவு. ஆதலின் பாதியாக்கும் தவணை 2030க்குத் தள்ளப்பட்டது. கடன்பத்திரத்தைப் புதுப்பித்து எழுதினாற் போலும்!

நிற்க. நம் தமிழ்நாட்டின் கணக்கு இன்னும் சிந்திக்கற்பாலது. 2016இல் சாலைகளில் 17,218 பேர் இறந்தனர். 2019இல் அது 10,525 ஆயிற்று. மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கு மேல் குறைந்தமையால், உலகோர் இலக்கு வெறுங்கனவன்று என்பது பெறப்படும். ஆயினும் 2023இல் 18,347 பேர் மாண்டனர். அஃதாவது நாளொன்றுக்கு ஐம்பதின்மர். குறைத்தற்கு ஓர் இலக்கு வேண்டியவாறே, குறைந்தது மீண்டும் ஏறாமைக்கும் ஓர் இலக்கு வேண்டுமென்பது நம் கருத்து.

2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம், விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கின்றது. மிகவும் போற்றத்தக்கதே, எனினும் அஃது அடிபட்ட பின் வரும் உதவி. அடியின் கடுமையை முன்னரே தீர்மானிப்பது வேகம். பௌதிகம் பயிலும் நம் மாணவர் அறிவர்: வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் வண்டி, 30 கிலோமீட்டர் செல்வதினும் நான்மடங்கு ஆற்றலோடு பாதசாரியை மோதும். நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லுமிடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவரம்பாதல் வேண்டுமென 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் மாநாடு கூறியதன் காரணம் இதுவே. 60இல் வருவோர் கோட்டக்குப்பத்துக் கடைத்தெருவில் அவ்வரம்பைக் காத்தால், அவர்க்கு நேரும் தாமதம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம்.