பனிக்காலத்தில் துப்பாக்கிக் கட்டைக்குப் பெயின்ட்

மினசோட்டாவில் டிசம்பர் முடிவதற்குள் மான் வேட்டைப் பருவம் ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் இளவட்டங்களுக்குக் கை அரிக்கும். சும்மா கிடக்கிற ரைஃபிளின் ஸ்டாக்குக்கு, அதாவது தோளில் பதியும் கட்டைக்கு, புது நிறம் அடிக்கலாம் என்பான் ஒருவன். கொயோட்டி வேட்டைக்குத் தடைக்காலம் கிடையாது, பனியோடு பனியாய்த் தெரிய வெள்ளை அடிக்கிறேன் என்பான் இன்னொருவன். தாராளமாக அடிக்கட்டும். ஆனால் வெளியே மைனஸ் 20 டிகிரி என்றால் வேலை கூரைக்குக் கீழேதான் நடக்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

1. துப்பாக்கி காலியா என்று முதலில் பார். மேகசினைக் கழற்று, போல்ட்டை உருவு, சேம்பருக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார். தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டில் இருக்கட்டும்.

2. கட்டையைத் தனியே கழற்றாமல் பெயின்ட் டப்பாவைத் தொடாதே. ரெமிங்டன் 700 போன்ற ரைஃபிளில் அடியில் இரண்டு திருகுகள்தான். இரண்டும் ஒரே நீளம் என்று நம்பிவிடாதே. எது முன்னது, எது பின்னது என்று டேப் ஒட்டி எழுதி வை. குழலுக்கும் மற்ற இரும்புப் பாகங்களுக்கும் லேசாக எண்ணெய் தடவிப் பூட்டி வை. அந்த எண்ணெய்க் கையோடு கட்டைப் பக்கம் வராதே.

3. இந்த வேலையில் முக்கால்வாசி, டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பனிக்காலம் அதற்கு நல்ல காலம். எங்கேயும் போக முடியாது, உட்கார்ந்து தேய்க்கலாம். பிளாஸ்டிக் கட்டை என்றால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழவழப்பும், துடைக்கிற துணியிலிருந்து வந்த சிலிக்கோனும் அதில் இருக்கும். சிலிக்கோன் ஒரு பொட்டு மிஞ்சினாலும் பெயின்ட் அந்த இடத்தில் விலகி மீன்கண் போல வட்டமாக நிற்கும். கழுவிக் காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகுமளவு தேய்த்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடை. பிளாஸ்டிக்குக்கென்றே தயாராகும் பெயின்ட்டை வாங்கு. சாதாரண பெயின்ட் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் பிடிக்காது, நகம் பட்டாலே தோல் உரியும்.

மரக்கட்டை வேறு கதை. பழைய கட்டைகள் பல ஆண்டு ஆளிவிதை எண்ணெய் குடித்தவை. மேலே தேய்த்தால் போதாது. மினரல் ஸ்பிரிட்டால் திரும்பத் திரும்பத் துடைத்து எண்ணெயை இழுக்க வேண்டும், அதன் பின்தான் பிரைமர். நல்ல வால்நட் கட்டை என்றால் பெயின்ட்டே வேண்டாம் என்பது என் கட்சி. எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவிந்த துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீர் ஊற்றி இரும்பு டப்பாவில் மூடி வை.

4. பேஸ்மென்ட்டில் ஸ்பிரே அடிக்காதே. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. டப்பாவிலிருந்து பெயின்ட்டைத் தள்ளி வெளியே விடுவது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள்தான். அடுப்பில் எரிகிற அதே சாமான். கூடவே அசிட்டோன். உறைபனிக் குளிரிலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். இவை எல்லாமே காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தவழும். அங்கே மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் நிற்கிறது, அதன் அடியில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், சின்னச் சுடர். மீதியை நீயே யோசித்துக்கொள்.

அட்டைப்பெட்டி வைத்து, பின்னால் ஃபில்டர் ஒட்டி, வீட்டு விசிறியால் இழுக்கவிடும் ஏற்பாட்டையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த மோட்டார் எரியும் ஆவிக்கு நடுவே ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கேஸ் சாதனம் எதுவும் இல்லாத கராஜ் இருந்தால் அதுதான் இடம். காரை வெளியே நிறுத்து. எலக்ட்ரிக் ஹீட்டர் வைத்து அறையைச் சூடாக்கு. அடிக்கும் முன் அதை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடு. கதவை ஒரு அடி தூக்கி வை. குளிர் வரும், வரட்டும். மண்ணெண்ணெய் ஹீட்டர் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

5. டாக்டர் மாட்டுகிற மாஸ்க்கும் என்95-ம் ஆவியை நிறுத்தாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்கை வாங்கு. ஹார்ட்னர் கலந்து வரும் 2கே டப்பாக்கள் கெட்டியாகக் காயும், உண்மைதான். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். அது பெயின்ட் பட்டறைக்காரர்களுக்கு உரியது.

6. சூடாக இருக்க வேண்டியது கட்டையும் டப்பாவும். பெரும்பாலான டப்பாக்களில் 10 முதல் 32 டிகிரிக்குள் அடிக்கச் சொல்லியிருக்கும். முந்தின இரவே இரண்டையும் வீட்டுக்குள் வைத்துவிடு. குளிரில் கிடந்த கட்டையைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் அடிக்காதே. கண்ணுக்குத் தெரியாமல் ஈரம் வியர்த்திருக்கும். டப்பா ஜில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் நிறுத்து. அடுப்பு, ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதே. 50 டிகிரி தாண்டினால் வெடிக்கலாம்.

7. கட்டையின் உட்பள்ளத்தில், இரும்பு உட்காரும் இடத்தில், பெயின்ட் படக்கூடாது. மாஸ்கிங் டேப்பால் ஓரம் பிடித்து மூடு. பின்பக்க ரப்பரையும் மூடு. அந்தப் பள்ளத்தில் ஒரு கோட் ஏறினாலே இரும்பு உட்காரும் விதம் மாறும்.

8. ஃபர்னஸ் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். அடிக்கும் முன் டேக் துணியால், அதாவது தூசியைப் பிடிக்கும் பிசுபிசுப்பான துணியால், ஒருமுறை துடை. திருகுத் துளையில் கம்பி மாட்டித் தொங்கவிடு. டப்பாவுக்குள் குண்டு ஆடத் தொடங்கியபின் இன்னும் ஒரு நிமிடம் குலுக்கு. 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கட்டைக்கு வெளியே தொடங்கி, கட்டையைக் கடந்து வெளியே முடி. முதல் கோட் அடித்தபின் அடிநிறம் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம்’ என்று கை போகும், போனால் வழிந்துவிடும். அடுத்த கோட் எப்போது என்பதை டப்பாவில் பார். பலவற்றில் ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஒருநாள் கழித்து என்றிருக்கும். இடையில் அடித்தால் அடிக்கோட் சுருங்கி வரும்.

9. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டதாக எண்ணாதே. யாரும் படுக்காத அறையில், ஜன்னலைச் சற்றே திறந்துவைத்து, ஒரு வாரமாவது தொங்கவிடு. குழல் துடைக்கிற சால்வென்ட்டும், டீட் கலந்த கொசு மருந்தும் இந்தப் பெயின்ட்டைக் கரைக்கும்.

10. பூட்டும்போது திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கு. குழல் கட்டையைத் தொடாமல் நிற்கிற வகை ரைஃபிள் என்றால் ஒரு டாலர் நோட்டை இரண்டுக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார். தடங்கலில்லாமல் ஓட வேண்டும். கழற்றிப் பூட்டிய ரைஃபிள் பழைய இடத்திலேயே சுடும் என்று எடுத்துக்கொள்ளாதே. வேட்டைக்குப் போகும் முன் ரேஞ்சுக்குப் போய் மூன்று நான்கு ரவை சுட்டு, ஸ்கோப்பைச் சரிபார்.