வலிக்காத புண்

மாலை 7 மணி. எங்கள் படிப்பு வட்டம் கூடியிருந்தது. பெரியம்மா ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அவர் நடந்து வந்த இடமெல்லாம் ரத்தக் கறை.

"பெரியம்மா, காலில் என்ன?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லையே, பாப்பா" என்றார்.

காலைத் தூக்கிப் பார்த்தோம். கட்டைவிரலுக்குக் கீழே முள் ஒன்று முறிந்து நின்றது. சுற்றிலும் சிவந்து சீழ் பிடித்திருந்தது. முள் குத்தி எத்தனை நாள் ஆயிற்றோ, அவருக்கே தெரியவில்லை.

"வலிக்கவில்லையா?"

"வலித்தால் சொல்ல மாட்டேனா?"

அவருக்கு 8 வருடமாகச் சர்க்கரை நோய். நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "வலிக்காத புண்ணுக்கு எதற்கு டாக்டர்? ஒரு நாள் கூலி போய்விடும்" என்றார்.

நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். கூலி போவது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் ஏன் போக வேண்டும்?

வீட்டில் நாய் குரைத்தால்தான் திருடன் வந்தது தெரியும். வலியும் அப்படித்தான். சர்க்கரை நோய் பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் நரம்பு கெட்டுவிடும். முதலில் பாதத்தில்தான் தெரியும். மதமதப்பு வரும். எரிச்சல் வரும். ஊசி குத்துவது போல இருக்கும். பிறகு உணர்ச்சியே போய்விடும். செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாது. ரத்த ஓட்டமும் குறையும். அதனால் புண் சீக்கிரம் ஆறாது. சீழ் எலும்பு வரை போகும். அப்புறம் விரலை எடுக்க வேண்டி வரும். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டி வரும்.

இந்த உண்மை தொழுநோயிலும் உண்டு. டாக்டர் பால் பிராண்ட் என்பவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். அப்படி இல்லை என்று அவர் கண்டார். உணர்ச்சி போன கையிலும் காலிலும் அடிபடுகிறது, சூடு படுகிறது. வலிக்காததால் யாரும் கவனிப்பதில்லை. விரல் குறைவது அதனால்தான். உடம்பில் வெளுத்த அல்லது சிவந்த படை இருந்து, அதில் தொடு உணர்ச்சி இல்லை என்றால் உடனே காட்டுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் நோய் குணமாகும்.

சேற்றுப்புண் எல்லாருக்கும் வருவதுதான். காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, ஈரம் இல்லாமல் வைத்தாலே பாதி குறையும். சில நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் அப்படிக் காத்திருக்கக் கூடாது. காலில் சின்னப் புண், கொப்புளம் என்றாலும் காட்ட வேண்டும். வீக்கம், சிவப்பு, சூடு, சீழ், நாற்றம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். விரல் கறுத்தாலும், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வலி இல்லாததுதான் ஆபத்து.

கால் ஆணியை பிளேடால் சீவுகிறோம். கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுகிறோம். புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணி வைக்கிறோம். எங்கள் வீட்டிலும் வைத்திருக்கிறார்கள்! சர்க்கரை உள்ளவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். வெந்நீரில் காலை வைப்பதும் வேண்டாம். வெந்து போனாலும் தெரியாது.

பாதத்துக்கென்றே தனி மருத்துவர் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் சில இடங்களில்தான் இருக்கிறார். அதற்காகத் தேடி அலைய வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேவைப்பட்டால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள். "டாக்டர், என் பாதத்தையும் பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். வருடம் ஒரு முறையாவது பாதத்தைச் சோதிக்க வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது வலிக்காது.

பெரியம்மா மறுநாள் போனார். முள்ளை எடுத்தார்கள். டி.டி. ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார்கள். 3 வாரம் கட்டுப் போட்டார்கள். கூலி போனது போனதுதான். விரல் தப்பியது. இப்போது தினமும் இரவில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். செருப்பை உதறிவிட்டுத்தான் போடுகிறார்.

எழுதிப் பழகுங்கள்

டாக்டரிடம் போகும்போது கையில் ஒரு சீட்டு இருந்தால் நல்லது. கீழே உள்ளதைப் பார்த்து உங்கள் சீட்டை எழுதுங்கள்.

என் பெயர் ............
புண்ணைப் பார்த்த நாள் ............
வலி உண்டா, இல்லையா ............
சர்க்கரை நோய் எத்தனை வருடமாக ............
சாப்பிடும் மாத்திரை ............