நாய்க்கும் நீரிழிவு

நீரிழிவு மனிதருக்கே உரிய நோய் என்று எண்ணுவோர் நம் விடுதியிலும் உளர். ஆனால் அந்நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்ததே ஒரு நாயினால்தான். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மிங்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அதற்கு நீரிழிவு கண்டது. 1921-இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் கணையச் சாற்றைச் செலுத்தி, அத்தகைய நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டினர். மறு ஆண்டே இன்சுலின் மனிதருக்குக் கிட்டியது. நாய்க்கு நாம் பட்ட கடன் சிறிதன்று!

தில்லியில் என் மாமா வீட்டு நாய் மணிக்கு ஒன்பதாம் வயதில் இந்நோய் வந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தாள். நிறையத் தின்றும் இளைத்தாள். கருப்பை அகற்றாத பெட்டைகளுக்கு இது மிகுதியாக வருமாம். அவளைப் பேணும் பொறுப்பு இரண்டாண்டுகளாக என்னுடையது.

"மாத்திரை போதாதா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். போதாது. நீரிழிவு கண்ட நாயின் கணையம் பெரும்பாலும் இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிடுகிறது. ஆகவே ஊசிதான் வழி. காலை ஏழு மணி, மாலை ஏழு மணி. முதலில் உணவு, பிறகு ஊசி. உணவின் அளவும் வகையும் மாறலாகாது. "பாவம், வாயில்லாச் சீவன்" என்று அத்தை ஊட்டும் மைசூர்பாகு விள்ளலை நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஊசிக்குழலைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். நம் நாட்டுக் கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு. 100 யூனிட் உள்ளதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக்குழல். 100 யூனிட் மருந்தை 40-க்குரிய குழலில் பத்துக் கோடுவரை இழுத்தால், உள்ளே போவது பத்தன்று, இருபத்தைந்து! சர்க்கரை மிகுந்தால் உடல் நாளடைவில் கெடும். மிகக் குறைந்தாலோ சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை குறையும்போது தோன்றும் அறிகுறிகள். உடனே ஈறில் தேனைத் தடவி, மருத்துவரிடம் ஓடவேண்டும். நினைவிழந்த நாயின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உண்ண மறுத்த வேளையிலும் வழக்கமான அளவைப் போட்டுவிடாமல், மருத்துவரைக் கேட்டே செய்கிறேன்.

மணிக்குக் கண்புரை விழுந்து பார்வை போயிற்று. நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இது நேர்வதே. நாற்காலிகளை இடம் மாற்றாதவரை, வீடெங்கும் மோப்பத்தாலேயே உலவுகிறாள். ஏழு மணிக்குத் தட்டின் ஓசை கேட்டால் தானே வந்து நிற்பாள்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லுமுன், ஊசி போட மற்றொருவரைப் பழக்கிய பின்னரே ரயில் ஏறுகிறேன். சென்ற முறை கற்றுக்கொண்டவர் அத்தைதான்.