நீர்த்தெளிப்பின் கீழ் புகை



அறையொன்றில் தீப்பற்றும்போது எழும் சூடான புகை, சுற்றியுள்ள காற்றைவிட அடர்த்தி குறைந்ததாதலால் மேலெழுந்து, கூரையில் முட்டி, அதன் அடிப்பரப்பை ஒட்டி நாற்புறமும் விரைந்து பரவுகிறது. ‘கூரைத் தாரை’ எனப்படும் இவ்வோட்டமே, கூரையிலுள்ள தானியங்கி நீர்த்தெளிப்பானான ஸ்பிரிங்க்ளரின் கண்ணாடிக் குமிழைச் சூடாக்கி, சிவப்புக் குமிழாயின் 68 டிகிரி செல்சியஸில் உடையச் செய்து, நீரைத் திறந்துவிடுகிறது. அதுவரை மேலே புகையும் கீழே தெளிந்த காற்றும் தனித்தனி அடுக்குகளாக நிற்கின்றன என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும். நீர் பாயத் தொடங்கிய பின்னும் அதே கணக்கை நீட்டிப்பது, வெளியேறும் மனிதர்களின் கண்மட்டத்தில் புகையே இராது என்று பொய்யாக உறுதியளிப்பதாகிவிடும்.

ஏனெனில் நீர் இருவகையில் புகையின் நடையை மாற்றுகிறது. முதலாவது குளிர்வித்தல்: 20 டிகிரியில் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ள காற்றின் நடுவே, 200 டிகிரிப் புகை 0.75 கிலோ அளவில் மிதக்கிறது. அது 60 டிகிரிக்குக் குளிர்ந்தால் 1.06 கிலோவாகக் கனத்து, மிதப்பு விசை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறைகிறது. இரண்டாவது இழுவை: விழும் துளிகள் வழியிலுள்ள வாயுவையும் தம்முடன் கீழே இழுக்கின்றன. இவ்விழுவை மிதப்பை விஞ்சினால் புகையடுக்கு தெளிப்புக் கூம்பினுள் சரிந்து தரையை நோக்கி இறங்கும் என்பதைப் பிரிட்டனின் தீ ஆய்வாளர் புல்லன் 1974இல் ஆய்ந்து காட்டினார்.

இதனால் ஸ்பிரிங்க்ளர் தீங்கானது என்று எவரும் முடிவு கட்டலாகாது. தீயின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதன் மூலம் பிறக்கும் புகையின் மொத்த அளவையே அது பெரிதும் குறைக்கிறது, உயிர்களைக் காப்பதில் அதற்கு நிகரான கருவி அரிது. ஆயினும் மேசைக்கடியிலோ மூடிய அலமாரி அடுக்குகளிலோ நீர் எட்டாது எரியும் தீ, குளிர்ந்து கனத்த புகையை நெடுநேரம் உமிழக்கூடும் என்பதால், அத்தகைய மறைந்த தீயையும் வடிவமைப்பில் கருதுவது பொறியாளரின் கடமை. புகையின் மிதப்பையே நம்பிய கூரைத் திறப்புகள் குளிர்ந்த புகையை வெளியேற்றத் திணறும். வெப்பத்தால் உருகித் திறக்கும் இணைப்புகளைக் கொண்டவையோ, நீர் அவற்றைக் குளிர்வித்துவிட்டால், திறக்காமலே போகலாம். அவ்விடங்களில் புகை உணரியால் இயங்கும் வெளியேற்று விசிறியும், அது இழுக்கும் காற்றுக்கு ஈடாகத் தாழ்வான நுழைவழியும் வேண்டுமா என்பதை, குளிர்ந்த புகையின் வெப்பநிலையைக் கொண்டே மீண்டும் கணக்கிட்டுத் தீர்மானிக்க வேண்டும்.