நாய்களைப் பீடிக்கும் இருதயப் புழு

மதுரை ஜில்லாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காவல் நாய் இல்லாத கிராமம் அரிது. கோம்பை, இராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரையே இனப்பெயராகக் கொண்ட நாய்கள் இப்பக்கத்துச் சொத்து. இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா தபால்தலையே வெளியிட்டது. ஆயினும் மாடு இருமினால் வைத்தியரைத் தேடும் குடியானவர், நாய் இருமினால் எலும்பு சிக்கியிருக்கும் என்று விட்டுவிடுகிறார். அவ்விருமலுக்கு இருதயப் புழுவும் காரணமாகலாம்.

இப்புழு நாயின் இருதயத்தின் வலப் பாகத்திலும், அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய்களிலும் வசிப்பது. பெண் புழு ஓர் அடி நீளம் வரை வளரும். ஐந்து முதல் ஏழு வருஷம் உயிருடனிருக்கும். அது ஈனும் நுண்ணிய குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கின்றன. கொசு அந்த ரத்தத்தைக் குடித்து, ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின் வேறொரு நாயைக் கடிக்கும்போது வியாதி பரவுகிறது. இதனை 1900-இல் இத்தாலியரான கிராஸி என்பவரும் நோயே என்பவரும் நிரூபித்தனர். நாய்க்கு நாய் தொட்டுப் பரவுவதில்லை, எச்சிலாலும் இல்லை.

இந்தியாவில் இருதயப் புழு வடகிழக்கு மாகாணங்களிலேயே அதிகமாகக் கண்டறியப்பட்டுள்ளது. தென்னாட்டில் அதன் பங்காளியான தோலடிப் புழுவே மிகுதி. அதையும் கொசுவே சுமக்கிறது. சில சமயம் மனிதரின் கண்ணிலும் அது காணப்படுவதுண்டு. ஆகவே பூதக்கண்ணாடியில் குஞ்சுகள் தெரிந்த மாத்திரத்தில் இன்ன புழு என்று நிச்சயிக்கலாகாது. இருதயப் புழுவுக்கெனத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு.

வியாதி கண்ட நாய்க்கு முதலில் வறட்டிருமலும், சிறிது ஓடினாலே களைப்பும் உண்டாகும். பின்னர் உடல் மெலியும். வயிற்றில் நீர் கோக்கும். முயல் வேட்டை 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு போயிற்று. இல்லாவிடில் சிப்பிப்பாறை நாயின் களைப்பை எஜமானர் முதல் நாளே அறிந்திருப்பார். முற்றிய புழுவைக் கொல்லும் மருந்து பாஷாண வகையைச் சேர்ந்தது. செத்த புழு நுரையீரல் குழாயை அடைத்து உயிருக்கே அபாயம் விளைவிக்குமாதலால், சிகிச்சைக் காலத்தில் நாயைப் பல வாரம் ஓடவிடாது கட்டி வைத்தல் வேண்டும்.

தடுப்பதோ எளிது. ஐவர்மெக்டின் கலந்த மாத்திரையை மாதம் ஒன்று கொடுத்துவரின், கொசு புகுத்திய இளம் புழுக்கள் இருதயத்தை எட்டுமுன் மடியும். இச்சமவெளியில் கொசு இல்லாத மாதம் இல்லையாகையால் வருஷம் முழுவதும் கொடுக்க வேண்டும். குட்டிக்கு எட்டாவது வாரத்திலேயே தொடங்கலாம். ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாயாயின் ரத்தப் பரிசோதனை செய்த பிறகே தொடங்குக. ரத்தத்தில் குஞ்சுகள் மலிந்த நாய்க்கு மருந்தைக் கொடுத்தால் அவை ஒருங்கே மடிந்து, நாய் மயங்கி விழவும் கூடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆடுமாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்து ஒரு சீசா வீட்டில் மிஞ்சியிருந்தால், அதையே நாய்க்கும் கொடுத்துச் சிக்கனம் செய்ய நினைப்பாருண்டு. கணக்கைப் பாருங்கள். தடுப்புக்கு வேண்டிய அளவு கிலோ எடைக்கு ஆறு மைக்ரோகிராம். இருபது கிலோ நாய்க்கு 120. மாட்டு மருந்தின் ஒரு மில்லியில் உள்ளதோ 10,000 மைக்ரோகிராம், அதாவது எண்பது பங்குக்கு மேல். ஒரு சொட்டே நான்கு பங்காகும். அளவு மிஞ்சினால் நாய் தள்ளாடும், குருடாகும், சாகவும் கூடும். கோலி போன்ற சில சீமை இனங்கள் இன்னும் குறைந்த அளவையே தாங்கும்.

கொசுவையும் மறக்கலாகாது. கிருதுமால் போன்ற சாக்கடையாகிவிட்ட நீரோட்டங்களை நாம் ஒருவராய்ச் சுத்தி செய்ய இயலாது. வீட்டுக் கழிவுநீர்க் குழியை மூடுவதும், இரவில் நாயை வலையடித்த திண்ணையில் படுக்கவிடுவதும் நம்மால் ஆகும். வேப்பம்புகையை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

மாதத் தேதியை மறப்பதே பெருங்குறை. பால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் பால் பணப் பட்டுவாடா நாளையே மாத்திரை நாளாக வைத்துக்கொள்ளலாம். மாட்டைப் பார்க்கக் கால்நடை டாக்டர் வரும் நாளில் ஊர் நாய்களையும் நிறுத்தி எடை பார்த்து, மருந்துச் சீட்டைப் பெற்று, மாத்திரைகளைச் சேர்ந்து வாங்கலாம். நாயின் எடையையும் மாத்திரை கொடுத்த தேதியையும் பால் கணக்குப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருக. வளரும் குட்டியாயின் மாதந்தோறும் எடை பார்த்த பிறகே அடுத்த மாத்திரை.